கருவாடு தின்றவன் மிதித்த தீ

எங்கள் தெரு அம்மன் கோயிலில் நின்றுபோயிருந்த தீமிதியை மறுபடி தொடங்கி வைத்தவன் நான். சாமி இல்லை என்று நிரூபிக்கப் போய் அந்தப் புண்ணியம் என் தலையில் விழுந்தது. ஆடி மாதம் அந்தக் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதாவது பரவாயில்லை, ஊர் எப்படியோ போகட்டும். தீ மிதித்த அதே காலை வைத்துக்கொண்டு என் அக்கா மகளின் உயிருக்காக ஒருநாள் ஓர் ஆட்டம் ஆடினேன். அதைத்தான் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அறுபதுகளின் பின்பாதி அது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் லேத் ஓட்டும் டர்னர். வயது இருபத்து நாலு. எங்கள் தெருவுக்கு நேரம் சொன்னது கோயில் மணி இல்லை, தொழிற்சாலைச் சங்கு. காலைச் சங்குக்கு ஆண்கள் ஓடுவார்கள், மத்தியானச் சங்குக்குப் பெண்கள் சோற்றை வடிப்பார்கள். கோயிலில் தீமிதி நின்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பகுத்தறிவுப் பிரசாரத்தால்தான் நின்றது என்று படிப்பகத்தில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். உண்மையில் அதை நிறுத்தியது ஷிப்டு. காப்புக் கட்டினால் பத்து நாள் கோயிலிலேயே படுக்க வேண்டும், கவுச்சி தொடக்கூடாது, தெரு எல்லையைத் தாண்டக்கூடாது. எந்த ஃபோர்மேன் அதற்கு லீவு கொடுப்பான்? பூசாரியே ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு வந்து விளக்கேற்றிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் பறப்பார். எங்கள் பக்கத்தில் நாத்திகத்தைப் பரப்பியதில் எங்கள் பேச்சைவிடக் கார்டு குத்தும் டைம் ஆபீசுக்குத்தான் பங்கு அதிகம்.

படிப்பகம் என்பது ஓலைக் கூரை போட்ட ஓர் அறை. இரண்டு பெஞ்சு, நாலைந்து பத்திரிகை, ஒரு கேரம் போர்டு. அதற்கும் என் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பேசுவேன். பேசுவேன் என்றால் சாதாரணமாக இல்லை, தொண்டை கிழிய. கேட்க ஏழு பேர் இருப்பார்கள், அதில் மூன்று பேர் கேரம் போர்டு எப்போது காலியாகும் என்று காத்திருப்பவர்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது அக்கா சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கரண்டியால் தட்டுவாள்.

"டேய், கொயந்தை தூங்குது. சாமி இல்லன்னு கொஞ்சம் மெதுவா சொல்லேன்டா!"

ஏழு பேரும் சிரிப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். கூடப் பிறந்தவளையே திருத்த முடியாதவன் நாட்டை எங்கே திருத்துவது என்று நினைத்துக்கொள்வேன்.

தீ மிதிக்கும் யோசனையைச் சொன்னவன் என் நண்பன். ராயபுரத்துக் கத்தோலிக்கன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். காலையில் பூசை பார்த்துவிட்டு மாலையில் படிப்பகத்துக்கு வந்து கடவுளைக் கிழிப்பான். "பேசிகினே கீறியே மாமு, ஒருவாட்டி செஞ்சி காட்டு. தீமிதிச்சா கால் வேவாது, அதுக்கு சாமி தேவையில்லன்னு காட்டு. நானும் கூட வரேன்" என்றான். எங்கள் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். தணலுக்கு மேல் சாம்பல் படிந்திருந்தால், நிற்காமல் நடந்தால், கால் தாங்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

விறகுத் தொட்டி வைத்திருந்த பாயிடம் ஒரு வண்டி சவுக்குக் கட்டை கேட்டோம். எதற்கு என்றார். சொன்னோம். கட்டையை எடை போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "சாமி கீதுன்னு சொல்றவன் கூட ஒரு சூடத்தோட வுட்டுடறான். இல்லன்னு சொல்றதுக்கு இவ்ளோ கட்டையா நைனா?" என்றார்.

பூசாரி அதைவிட மேல். நாங்கள் சண்டைக்குத் தயாராகப் போனோம். அவர் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "குழி சொம்மா தானே கீது, மிதிச்சிக்கோ. முடிஞ்சதும் ஒரு சொம்பு பால ஊத்தி அணைச்சிடு. நான் டூட்டிக்கி போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதிரி இப்படி இருந்தால் எப்படிப் போராடுவது என்று எங்களுக்கே அலுப்பாக இருந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. குழியில் தணல் தயார். தெருவே திரண்டிருந்தது. நண்பன் கடைசி நேரத்தில் என்னை ஓரமாக இழுத்தான்.

"யோசிச்சி பாத்தேன் மாமு. எங்க சாமி இல்லன்னா நான் சொல்லலாம். ஒங்க சாமி இல்லன்னு நான் எப்டி சொல்றது? மதச் சண்டை ஆயிடும்பா."

நான் தனியாகத்தான் இறங்கினேன். இறங்குமுன் கூட்டத்தைப் பார்த்து அறிவித்தேன்: "நான் காப்புக் கட்டவில்லை. விரதம் இருக்கவில்லை. மத்தியானம் வயிறு முட்டக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்." மேடைத் தமிழில் அவ்வளவுதான் வந்தது. பிறகு பயத்தில் சொந்தத் தமிழ் வந்துவிட்டது. "சாமி கெடையாது! சாமி கெடையாது!" என்று கத்திக்கொண்டே நடந்தேன். மூன்று தடவை போய் வந்தேன். உள்ளங்காலில் ஒரு கொப்புளம் இல்லை. வெளியே வந்து இரண்டு பாதத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது என் அக்காவின் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மீன் கூடை சுமந்த உடம்பு, கணீரென்ற குரல். கண்ணில் தண்ணீர் கொட்ட, என் காலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கருவாடு துண்ணவனையே காப்பாத்தினாளே! அவள திட்டிகினே போனவனையே காப்பாத்தினாளே! ஒயுங்கா வெரதம் இருந்து போனா நம்மள எப்டி காப்பாத்துவா!"

யாரோ சூடம் ஏற்றினார்கள். யாரோ நான் மிதித்த சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அடுத்த ஆடிக்குத் தீமிதி உண்டு என்று அங்கேயே, அந்தக் குழி ஓரத்திலேயே முடிவாகிவிட்டது. பாலை ஊற்ற மறந்துவிட்டோம், அதைக் கூட யாரோ ஒரு பெண்மணி கொண்டுவந்து ஊற்றினார்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய சமாசாரம். நானும் கொஞ்ச நாளில் சிரித்துவிட்டேன். அடுத்த சித்திரை வெயிலில் என் அக்கா மகளுக்கு அம்மை போட்டதும் சிரிப்பு நின்றது.

நாலு வயதுக் குழந்தை. தட்டம்மை. வாசலில் வேப்பிலை செருகினார்கள், வீட்டில் தாளிப்பை நிறுத்தினார்கள், சன்னலைச் சாத்தினார்கள். அம்மை என்றால் நோய் இல்லை, அம்மாவே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது அவமானம், கோபித்துக்கொள்வாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மருந்துப் பேச்சே எடுக்கக்கூடாது. நான் இதைப்பற்றிப் படிப்பகத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், நன்றாகவே பேசியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். தடிப்பு இறங்கியிருந்தது, ஆனால் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்தது. உதடு வெளுத்திருந்தது. "யக்கா, இது நெஞ்சுக்குப் போயிடுச்சு, இப்பவே தூக்கு" என்றேன். அக்கா மாமியாரைப் பார்த்தாள். மச்சான் துறைமுகத்தில் டபுள் ஷிப்டு, அவர் வீட்டில் இருந்திருந்தாலும் தன் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்திருப்பார்.

மாமியார் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் நுரையீரலைப் பற்றிச் சொன்னேன், கிருமியைப் பற்றிச் சொன்னேன், கடைசியில் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"என் மூத்தது இதே மாதிரி தான் கெடந்துச்சு. எல்லாரும் சொன்னாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு ஓடுனேன். சாயங்காலம் துணில சுத்தி கையில குடுத்தாங்கோ. அம்மா கோச்சிகினா இன்னா ஆவும்னு எனக்கு தெரியும். ஒனக்கு தெரியாது."

மூட நம்பிக்கை என்று மேடையில் சொல்லிவிடலாம். பிள்ளையைத் துணியில் வாங்கிய கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீ சொல்லி நான் வுடமாட்டேன், நான் சொல்லியும் யாரும் போவ வாணாம். அம்மா சொல்லட்டும். அவ வாயால சொன்னா தூக்கிகினு போங்கோ" என்றார் மாமியார்.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"நெருப்புல நடந்தவன் தானேடா நீ. அவ ஒம்மேல தானே வந்தா. நீ கேட்டு சொல்லு."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக முடிவெடுத்ததில்லை. வாசல் வேப்பிலையைப் பிடுங்கினேன். சின்ன வயதில் கோயிலில் பார்த்த சாமியாடிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். தலையை உதறினேன், பல்லைக் கடித்தேன், வயிற்றிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்தேன்.

"ஏய்! யார்றீ என்னை இந்த இருட்டுல அடைச்சி வெச்சிகினு கீறது!"

மாமியார் எழுந்து கைகூப்பிவிட்டார். "தாயே! இன்னா கொற வெச்சோம்?"

"எனக்கு மூச்சு முட்டுது! காத்து வேணும்! தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரில எனக்கு கட்டில் போட்டு வெச்சிருக்கு. நான் அங்க போயி குந்தணும்! என் புள்ளைய தூக்கிகினு வா!"

அந்த நிலையிலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். "ஊசி போடுவாங்களே தாயே. ஒனக்கு வலிக்குமே!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய் எங்கிருந்தோ பேசிற்று. "ஊசியும் நான் தான்டீ! அத குத்தறவளும் நான் தான்!"

"எப்டி போறது தாயே?"

"நாலாம் நம்பர் பஸ்ஸு இப்ப வந்துரும்! ஜல்தி!"

அக்கா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் என் கையில் வேப்பிலையைப் பார்த்ததும் ஒரு சீட்டே காலியாயிற்று. அம்மை வீட்டுக்காரர்கள் என்று தெரிந்துவிட்டது, யாரும் கிட்டே வரவில்லை. குழந்தையின் தலை என் மடியில். ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு போனேன். அது நின்றுவிடுமோ என்று நான் பயந்த பயம் தீக்குழியில் கால் வைக்கும்போதுகூட இல்லை.

டாக்டரம்மா எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பேச்சே இல்லை என்றார். எட்டு நாள் வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் குழந்தை என்னைப் பார்த்து "மாமா, பன்னு" என்று கேட்டது. வெராந்தாவில் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

பிழைத்தது குழந்தை, புகழ் அம்மனுக்கு. மாமியார் மீன் விற்கும் தெருவெல்லாம் செய்தியையும் சேர்த்து விற்றார். அதே கோடையில் இன்னும் சில வீடுகளில் அம்மை போட்டது. பெண்கள் என்னிடம் வந்தார்கள். "ஆஸ்பத்திரிக்கு போலாமான்னு ஆத்தாவ கேட்டு சொல்லுபா" என்றார்கள். போங்கள், உடனே போங்கள் என்றேன். "நீ சொல்றியா, அவ சொல்றாளா?" என்று கேட்டார்கள். இன்னும் இரண்டு தடவை வேப்பிலையைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாகவே வந்தது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

படிப்பகத்துக்கு விஷயம் போகாமல் இருக்குமா? விசாரணை வைத்தார்கள். கேரம் போர்டைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டைப் போட்டுக்கொண்டு செயலாளர் கேட்டார்: "சாமி ஆடியது உண்டா?"

"உண்டு."

"எத்தனை முறை?"

"மூன்று."

"அறிவியலை எடுத்துச் சொல்லிப் புரிய வைத்திருக்கலாமே?"

"மாமியார் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். கூப்பிடட்டுமா, நீங்கள் புரிய வைக்கிறீர்களா?" என்றேன். அதை அவர் நோட்டில் எழுதவில்லை. ஆறு மாதம் நான் எந்தக் கூட்டத்திலும் பேசக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. நண்பன் வெளியே வந்து என் தோளில் கை போட்டான். "எங்க சாமியார் கிட்ட வந்து செஞ்ச பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தா ஒரு ஜெபத்தோட வுட்டிருப்பாரு மாமு. இவங்க ரொம்ப பேஜாரு" என்றான்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நான் உண்மையாகவே நம்பிய ஒன்றை நானே காலில் போட்டு மிதித்துவிட்டேன் என்று இருந்தது. குழந்தை தெருவில் ஓடுவதைப் பார்த்தால் மனம் ஆறும். அடுத்த வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் மறுபடி எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகம் பக்கமே போகாமல் இருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமியார் கோயிலில் இருந்தார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா, ஒரு மாசமா சுவத்துக்கு அந்தாண்ட ஒரு சத்தமும் காணோம்?"

சொன்னேன். விசாரணை, ஆறு மாதம், எல்லாம். அவள் ஒரு மீனை முடித்துச் சட்டியில் போட்டாள்.

"ஏன்டா, ஆத்தா எங்கனா பஸ் நம்பர் சொல்லுவாளா?" என்றாள்.

எனக்கு முகம் சூடாயிற்று. "ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"ஆறு வருசமா ஒவ்வொரு நாயித்துக்கெயமையும் ஒம் பேச்ச கேட்டுகினு தான் குந்திகினு கீறேன். சுவத்துல தட்டுனா கேக்கலன்னு அர்த்தமா? சாமி கீதுன்றது எனக்கு எப்பவோ வுட்டுப்போச்சு. எதிர்ல இருந்த அந்த ஏயு பேருக்கு நீ சொன்னதுல இன்னா புரிஞ்சுதோ, எனக்கு புரிஞ்சுது."

"அப்ப நீயே தூக்கிகினு போயிருக்கலாமே. என்னை ஏன் ஆட வெச்சே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நானா தூக்கிகினு போயி, அங்க எதனா ஆயிருந்தா? ஆயுசுக்கும் நான் சாவடிச்ச புள்ளடா அது. எங்க மாமியாரும் அப்டித்தானே ஒண்ண வெச்சிகினு இத்தினி வருசமா வேவறாங்க. ஆத்தா சொல்லி போனா, யார் மேலயும் பழி இல்ல. அவங்க மேலயும் இல்ல, எம்மேலயும் இல்ல. அத நான் வேற யார் கிட்ட போயி கேக்கறது?"

ஒரு தெரு முழுக்க என்னால் பக்திமானாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு மாறியவள் ஒரே ஒருத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு இருந்தவள். அவள் முன்னால்தான் நான் வேப்பிலையை எடுத்து ஆடியிருக்கிறேன்.

ஆடி வந்தது. பூசாரி வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார். காக்கிச் சட்டை போய் மஞ்சள் வேட்டி வந்தது. நாற்பது பேர் காப்புக் கட்டியிருந்தார்கள், ஷிப்டை மாற்றிக்கொண்டும் மெடிகல் லீவு போட்டும் எப்படியோ வந்துவிட்டார்கள். பத்து நாள் கவுச்சி இல்லை, ஆனால் தீமிதி அன்று மத்தியானம் மட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு. என் வழியாக அம்மன் காட்டிய முறையாம். குழியில் இறங்கும்போது பாதிப் பேர் தாயே என்று கூப்பிட்டார்கள். மிச்சப் பேர், கால் வேகாமல் இருக்க அதுதான் மந்திரம் என்று நம்பி, கண்ணை மூடிக்கொண்டு "சாமி கெடையாது! சாமி கெடையாது!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நண்பன் சிரிப்பை அடக்க முடியாமல் விறகுத் தொட்டி பாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

முதல் மரியாதை எனக்கு என்றார் பூசாரி. தட்டோடு வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாட்டேன் என்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே தீர்மானித்திருந்தேன். இந்தத் தடவை சத்தம் போட்டு, எல்லார் எதிரிலும், மூன்று ஆட்டமும் பொய் என்று சொல்லிவிடுவது. வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா முந்திக்கொண்டாள். இடுப்பில் குழந்தையோடு வந்து தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்தாள். நாலு அடி தள்ளி மாமியார் ஈரச் சேலையோடு, கும்பிட்ட கையை இறக்காமல் நின்றிருந்தார். அக்கா என் நெற்றியில் அழுத்திப் பூசினாள். காதருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"வாய மூடிகினு சொம்மா நில்லுடா. அவங்க பாத்துகினு கீறாங்கோ."